டூட்டியும் படிப்பும்: படிக்கும் நர்ஸுக்கு வேண்டியது அறிவுரை அல்ல, டூட்டி சார்ட்!

காலை எட்டு மணி. சின்ன காஞ்சிபுரத்துக்குப் போகும் ஷேர் ஆட்டோவில் ஒரு பெண். நைட் டூட்டி முடித்து வருகிறார். மடியில் டிபன் பாக்ஸ், அதன் கீழே ஒரு ரெக்கார்ட் நோட்டு. வீட்டுக்குப் போய்க் குளித்து, குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, பத்து மணிக்கு நர்ஸிங் கல்லூரியில் இருக்க வேண்டும். ரங்கசாமி குளம் தாண்டுவதற்குள் தலை சாய்கிறது. பக்கத்தில் இருக்கும் அம்மா தட்டி எழுப்புகிறார்: "எங்கம்மா எறங்கணும்? தூங்கிட்ட பாரு."

இது குறிப்பிட்ட ஒருவரின் கதை இல்லை. ஆனால் மருத்துவமனையும் நர்ஸிங் கல்லூரியும் அருகருகே இருக்கும் எந்த ஊரிலும் இப்படி ஒருவரைப் பார்க்கலாம். வேலையை விட முடியாது, சம்பளம் வேண்டும். படிப்பையும் விட முடியாது, அடுத்த படி ஏற வேண்டும். இவரிடம் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "டைம் மேனேஜ்மென்ட் பண்ணிக்கோம்மா. மனசு வெச்சா முடியும்."

முடியாது என்பதல்ல இங்கே வாதம். மனசு வைப்பது மட்டும் போதாது என்பதுதான். வேலை பார்த்துக்கொண்டே ஒரு நர்ஸ் படித்து முடிப்பாரா, பாதியில் விடுவாரா என்பதை அவருடைய மன உறுதி பாதிதான் தீர்மானிக்கிறது. மீதிப் பாதியைத் தீர்மானிப்பது, நர்ஸிங் சூப்பிரண்ட் அறைச் சுவரில் ஒட்டியிருக்கும் டூட்டி சார்ட்.

வேலை கிடைத்த பிறகும் ஏன் படிப்பு?

"அதான் வேலைல இருக்கியே, இன்னும் என்ன படிப்பு?" வீட்டில் இந்தக் கேள்வி கட்டாயம் வரும். பதில் எளிது. நர்ஸிங் துறையில் எந்தப் படிப்பு என்பதுதான் எந்தக் கதவு திறக்கும் என்பதைச் சொல்கிறது.

எய்ம்ஸ் மருத்துவமனைகளுக்கான நார்செட் தேர்வையே எடுத்துக்கொள்வோம். பி.எஸ்சி. நர்ஸிங் அல்லது போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. முடித்துப் பதிவு பெற்றவர் விண்ணப்பிக்கலாம். ஜி.என்.எம். டிப்ளமோ மட்டும் இருந்தால், குறைந்தது 50 படுக்கைகள் கொண்ட மருத்துவமனையில் இரண்டு ஆண்டு அனுபவமும் காட்ட வேண்டும். காஞ்சிபுரம் போன்ற ஊரில் 20, 30 படுக்கை நர்ஸிங் ஹோமில் ஐந்து வருடம் உழைத்த ஜி.என்.எம். நர்ஸுக்கு அந்த அனுபவம் இங்கே கைகொடுக்காது. எம்.எஸ்சி., ஆசிரியர் பணி, மேற்பார்வைப் பதவிகள் என்று மேலே போகப் போக, பட்டம் இல்லாமல் நகர முடியாது.

இதில் நோயாளிக்கும் பங்கு உண்டு. 2014-ல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஓர் ஆய்வு, ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் 300 மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சை பெற்ற நான்கு லட்சத்துக்கும் அதிகமான நோயாளிகளின் தரவுகளை ஆராய்ந்தது. மருத்துவமனையின் நர்ஸ்களில் பட்டதாரிகளின் பங்கு 10 சதவீதம் கூடும்போது, 30 நாட்களுக்குள் நோயாளி இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் குறைவாக இருந்தது. ஒரு நர்ஸ் கவனிக்க வேண்டிய நோயாளிகளில் ஒருவர் கூடினால், அதே வாய்ப்பு 7 சதவீதம் அதிகமாக இருந்தது. ஐரோப்பாவின் கணக்கை அப்படியே காஞ்சிபுரத்துக்குப் பொருத்த முடியாது. ஆனாலும் நர்ஸின் படிப்பு அவருடைய சொந்த விஷயம் மட்டும் இல்லை என்பதற்கு இது போதும்.

காஞ்சிபுரத்துக்கு இதில் இன்னொரு காரணமும் இருக்கிறது. இந்த ஊர்க்காரரான அறிஞர் அண்ணா 1969-ல் புற்றுநோயால் மறைந்தார். அவர் பெயரில் காரப்பேட்டையில் அரசு புற்றுநோய் மருத்துவமனை இயங்குகிறது. கீமோ மருந்து ஏற்றுவது, அது நரம்பைவிட்டுக் கசிந்தால் உடனே கவனிப்பது, வலியை அளந்து பார்ப்பது எல்லாம் தனிப் பயிற்சி கேட்கும் வேலைகள். புற்றுநோய் செவிலியத்துக்கென்றே ஓராண்டு போஸ்ட் பேசிக் டிப்ளமோவை இந்திய நர்ஸிங் கவுன்சில் வகுத்திருக்கிறது. இந்த ஊரில் நர்ஸ் மேலே படிப்பது, ஊரின் தேவையும்தான்.

முதலில், எந்தப் படியில் நிற்கிறார்?

'நர்ஸிங் படிப்பு' என்று எல்லாவற்றையும் ஒரே பெயரில் சொல்வதால்தான் பாதிக் குழப்பம். வேலை பார்த்துக்கொண்டே படிக்க முடியுமா என்ற கேள்விக்கு மூன்று படிகளில் மூன்று வேறு பதில்கள்.

முதல் படியில் இருப்பவர், நர்ஸிங் அசிஸ்டென்ட். ஆறு மாதமோ ஒரு வருடமோ எங்கோ பயிற்சி எடுத்து மருத்துவமனையில் சேர்ந்திருப்பார். பி.பி. பார்ப்பார், டிரிப் மாற்றுவார், எல்லோரும் 'சிஸ்டர்' என்றே கூப்பிடுவார்கள். ஆனால் தமிழ்நாடு நர்ஸ்கள் மற்றும் தாதியர் கவுன்சிலில் பதிவு இருக்காது. அவர் பதிவு பெற்ற நர்ஸ் ஆக வேண்டுமென்றால் மூன்று ஆண்டு ஜி.என்.எம். அல்லது நான்கு ஆண்டு பி.எஸ்சி. படித்தாக வேண்டும். இரண்டுமே முழுநேரப் படிப்புகள். பி.எஸ்சி.-யில் ஒவ்வொரு பாடத்திலும் 80 சதவீத வருகை இருந்தால்தான் தேர்வு எழுதலாம். பட்டம் வாங்குவதற்குள் வார்டுப் பயிற்சியில் 100 சதவீத வருகையை நிறைவு செய்ய வேண்டும். முழுநேர வேலையில் இருந்துகொண்டு இதை நேர்மையாக முடிக்க வழியில்லை. இவரிடம் 'மனசு வை' என்று சொல்வது ஏமாற்று வேலை. சொல்ல வேண்டியது: "ஜி.என்.எம்.-க்கு 35 வயசு வரைக்கும்தான். அதுக்குள்ள முழுநேரமா சேர்ந்துடு." அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்த பெண் என்றால், 2022-ல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்குமா என்றும் கல்லூரியில் கேட்டுப் பார்க்க வேண்டும்.

இரண்டாம் படியில் இருப்பவர், ஜி.என்.எம். முடித்துப் பதிவு பெற்ற நர்ஸ். இவருக்கு அடுத்தது போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. ரெகுலர் கல்லூரியில் இரண்டு ஆண்டுகள், முழுநேரம். வேலையில் இருப்பவர்களுக்கென்றே இக்னோ தொலைநிலையில் நடத்தும் வழியும் உண்டு: குறைந்தது மூன்று ஆண்டுகள். பிளஸ் டூவும் ஜி.என்.எம்.மும் முடித்திருந்தால் பதிவுக்குப் பின் இரண்டு ஆண்டு அனுபவம் வேண்டும்; பத்தாம் வகுப்பும் ஜி.என்.எம்.மும் என்றால் ஐந்து ஆண்டு. நுழைவுத் தேர்வு உண்டு. தொலைநிலை என்பதால் வீட்டில் உட்கார்ந்தே முடித்துவிடலாம் என்று நினைக்கக் கூடாது. நேரடி வகுப்புகளுக்கும் செய்முறைப் பயிற்சிக்கும் படிப்பு மையத்துக்குப் போயே தீர வேண்டும்.

மூன்றாம் படியில் இருப்பவர் பி.எஸ்சி. முடித்தவர். எம்.எஸ்சி. இரண்டு ஆண்டுகள், முழுநேரம். ஆனால் தீவிர சிகிச்சைக்கான நர்ஸ் பிராக்டிஷனர் என்ற இரண்டு ஆண்டு முதுநிலைப் படிப்பு ரெசிடென்சி முறையில் நடக்கிறது. மாணவர் ஐ.சி.யு.வில் வேலை செய்தபடியே படிக்கிறார். அங்கே டூட்டியே படிப்பு, படிப்பே டூட்டி. இந்த மாதிரியை மறந்துவிட வேண்டாம், பின்னால் தேவைப்படும்.

'வராமலே' பட்டம் என்னும் வலை

இரண்டாம் படியில் நிற்பவர்களைக் குறிவைத்துத்தான் ஒரு வியாபாரம் நடக்கிறது. "காலேஜுக்கு வரவே வேணாம் சிஸ்டர். எக்ஸாமுக்கு மட்டும் வாங்க. அட்டெண்டன்ஸ் நாங்க பாத்துக்கறோம்." பெரும்பாலும் வெளிமாநிலக் கல்லூரி, இடையில் ஒரு ஏஜென்ட், கையில் ரொக்கம்.

களைத்துப் போன ஒருவருக்கு இந்த வார்த்தைகள் எவ்வளவு இனிக்கும் என்பது புரிகிறது. ஆனால் ஒரே காலத்தில் ஒரு ஊரில் முழுநேர வேலை பார்த்ததாக அனுபவச் சான்றிதழும், இன்னொரு ஊரில் முழுநேரம் படித்ததாகப் பட்டமும் இருந்தால், இரண்டு காகிதங்களும் ஒன்றையொன்று பொய்யாக்கும். வெளிநாட்டு வேலைக்கோ அரசு வேலைக்கோ சான்றிதழ் சரிபார்க்கும்போது தேதிகளை அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பார்கள். அன்று மாட்டிக்கொள்வது ஏஜென்ட் இல்லை.

அதைவிட முக்கியம், வார்டில் கற்காத ஒருவர் கையில் நோயாளியின் நரம்பைக் கொடுக்கிறோம் என்பது. இதை ஒழுக்கப் பிரச்சினையாக மட்டும் பேசிவிட்டு நகர்ந்தால் போதாது. நேர்மையான வழி நடக்க முடியாத அளவுக்கு மேடுபள்ளமாக இருக்கும்போதுதான் குறுக்கு வழிக்குக் கூட்டம் சேரும். வழியைச் செப்பனிடாமல் வழுக்கியவரைத் திட்டுவதில் பயனில்லை.

168 மணி நேரக் கணக்கு

வாரத்துக்கு 168 மணி நேரம். சின்ன காஞ்சிபுரத்து நர்ஸுக்கும் அவ்வளவுதான், சிங்கப்பூர் நர்ஸுக்கும் அவ்வளவுதான்.

ஆறு நாள், எட்டு மணி நேரம் என்று வைத்தால் டூட்டி 48 மணி. மீதி 120. ஷிஃப்ட் முடிந்தவுடன் கிளம்ப முடியாது. ஓவர் கொடுக்க வேண்டும், மருந்துக் கணக்கு ஒப்படைக்க வேண்டும். நாளுக்கு அரை மணி, வாரம் 3 மணி. போக்குவரத்து நாளுக்கு ஒன்றரை மணி, வாரம் 9. ஏழு மணி நேரத் தூக்கம் என்றால் 49. சமையல், துணி, குழந்தை என்று வீட்டு வேலை நாளுக்கு மூன்று மணி நேரம் என்று குறைத்தே வைத்தாலும் 21. குளிக்க, சாப்பிட 14. கூட்டிக் கழித்தால் மிஞ்சுவது 24 மணி நேரம்.

வாரம் 40 மணி நேரம் கேட்கும் ரெகுலர் படிப்பு இந்த 24-க்குள் அடங்காது. 16 மணி நேரம் குறைகிறது. அது எங்கிருந்து வரும்? தூக்கத்திலிருந்துதான். 49 என்பது 33 ஆகும். ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கும் குறைவு. அதுவும் இரண்டு மூன்று வருடம் தொடர்ந்து.

தொலைநிலைப் படிப்புக்கு அந்த 24 மணி நேரம் போதும், அது ஒழுங்காகக் கிடைத்தால். சிக்கல் அங்கேதான். திங்கள் காலை ஷிஃப்ட், செவ்வாய் மதியம், புதன் இரவு என்று சார்ட் உருண்டுகொண்டே இருந்தால், அந்த 24 மணி நேரம் அரை மணி, முக்கால் மணித் துண்டுகளாக உடைந்து வாரம் முழுக்கச் சிதறும். துண்டு நேரத்தில் வாட்ஸ்அப் பார்க்கலாம், ஃபார்மகாலஜி படிக்க முடியாது. சனிக்கிழமை நேரடி வகுப்பு என்று இரண்டு மாதம் முன்பே தெரிந்திருக்கும். வெள்ளிக்கிழமை மாலை ஒரு போன் வரும்: "சிஸ்டர், நாளைக்கு ஆள் வரல, டபுள் பாக்க முடியுமா?" கேள்வி போல இருக்கும். கேள்வி இல்லை.

தூங்காத கண்ணும் மருந்துச் சீட்டும்

1997-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் நேச்சர் இதழில் ஒரு கண்டுபிடிப்பை வெளியிட்டார்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் உள்ளவரின் அளவுக்குச் சரிந்துவிடுகிறது. இந்தியாவில் குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதற்கான சட்ட வரம்பு 100 மில்லி ரத்தத்துக்கு 30 மில்லிகிராம், அதாவது 0.03 சதவீதம். ஸ்கூட்டர் ஓட்டினால் போலீஸ் பிடிக்கும் நிலையைவிட மோசமான நிலையில் ஒருவர் இன்சுலின் அளந்துகொண்டிருக்கலாம், வாயில் வாசனைகூட இருக்காது.

கட்டுரையின் தொடக்கத்தில் பார்த்த பெண் முந்தைய நாள் மாலை ஐந்து மணிக்கு எழுந்திருந்தால், மாலை நான்கு மணிக்கு வகுப்பு முடியும்போது 23 மணி நேரம் விழித்திருப்பார். அன்றிரவு மறுபடி நைட். 2004-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வின்படி, பன்னிரண்டரை மணி நேரத்துக்கு மேல் நீளும் ஷிஃப்ட்டில் நர்ஸ் தவறு செய்யும் வாய்ப்பு மூன்று மடங்கு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, உடலின் தூக்கக் கடிகாரத்தைக் குலைக்கும் இரவு ஷிஃப்ட் வேலையைப் 'புற்றுநோய் உண்டாக்கக் கூடியதாக இருக்கலாம்' என்று 2007-ல் வகைப்படுத்தி, 2019-ல் அதையே உறுதி செய்தது.

எனவே, "ரெண்டு வருஷம் தூக்கத்தைத் தியாகம் பண்ணு, வாழ்க்கை செட்டில்" என்று நல்லெண்ணத்தில் சொல்பவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும். இங்கே தியாகம் ஆவது அந்தப் பெண்ணின் தூக்கம் மட்டும் இல்லை, அவர் கவனிக்கும் நோயாளியின் பாதுகாப்பும்தான்.

வேலையை விட்டுவிட்டுப் படிக்கலாமே?

கேட்க எளிதான கேள்வி. நர்ஸ் சம்பளத்தைத் தெரிந்தவர்கள் கேட்க மாட்டார்கள். தனியார் மருத்துவமனை நர்ஸ்களின் சம்பளம் பற்றிய வழக்கில் 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் குழு அமைக்கச் சொன்னது. 50 படுக்கைக்குக் குறைவான மருத்துவமனையிலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்பது அந்தக் குழுவின் பரிந்துரை. கேரளத்தில் நர்ஸ்களின் தொடர் போராட்டத்துக்குப் பின் 2018-ல் குறைந்தபட்சச் சம்பளம் அந்த அளவுக்கு உயர்ந்தது. அரசுத் துறையிலும் நிலைமை ஒரே சீராக இல்லை. 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் ஒப்பந்த நர்ஸ்கள் திரண்டு போராடியபோது அவர்களின் தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். பின்னர் அது படிப்படியாக உயர்ந்தது.

இந்தச் சம்பளத்தில் சேமித்து, இரண்டு வருடம் வருமானமே இல்லாமல் கல்லூரிக்கும் கட்டணம் கட்டி யார் படிப்பது? நெசவு வருமானம் நம்பகமாக இல்லாத வீட்டில் மாதச் சம்பளம் கொண்டுவரும் ஒரே ஆள் அந்தப் பெண்ணாக இருக்கலாம். அவர் வேலையை விடுவது என்பது, படிக்கும் தம்பியின் ஃபீஸையும் சேர்த்து விடுவது.

கோர்வைக்கு இரண்டு பேர்

காஞ்சிப் பட்டில் கோர்வைச் சேலை என்றால் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டும் தறியிலேயே பின்னிச் சேர வேண்டும். அதற்கு மூன்று நாடா ஓட வேண்டும். நெசவாளி ஒருவரால் எல்லாவற்றையும் வீச முடியாது, மறுபக்கம் ஒரு ஆள் உட்கார்ந்து கரை நாடாவை வாங்கி வீச வேண்டும். அந்த ஆள் வராத நாளில் தறி நிற்கும். "நீ கொஞ்சம் முயற்சி பண்ணா ஒத்தையிலயே கோர்வை போட்டுடலாம்" என்று எந்த நெசவாளியிடமும் யாரும் சொல்ல மாட்டார்கள்.

வேலையும் படிப்பும் அப்படித்தான். மறுபக்கம் உட்கார வேண்டிய ஆள், மருத்துவமனை. அது செய்ய வேண்டியவை பெரிய செலவு பிடிப்பவையும் அல்ல.

ஒன்று, டூட்டி சார்ட்டை ஒரு மாதம் முன்பே போட வேண்டும். படிப்பவரின் நேரடி வகுப்பு நாட்களும் தேர்வு நாட்களும் அதில் முதலிலேயே அடைபட வேண்டும். மற்ற நாட்களில் அவர் முழு டூட்டி பார்ப்பார்.

இரண்டு, நைட் ஷிஃப்ட்டைத் தொகுத்துக் கொடுக்க வேண்டும். வாரத்துக்கு இரண்டு நைட் என்று சிதறடிக்காமல் சேர்த்துக் கொடுத்து, முடிந்ததும் முறையாக நைட் ஆஃப் தர வேண்டும். நைட் முடிந்த அன்று வகுப்பு இல்லாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்று, படிப்பவருக்கு டபுள் டூட்டி இல்லை என்பதை எழுத்தில் வைக்க வேண்டும். "முடிஞ்சா குடுக்க மாட்டோம்" என்பது விதி இல்லை.

நான்கு, விடுப்புக்கு மாற்று ஆள். இந்திய நர்ஸிங் கவுன்சிலின் அளவுகோல்படி பொது வார்டில் கற்பித்தல் மருத்துவமனை என்றால் மூன்று நோயாளிக்கு ஒரு நர்ஸ், மற்ற மருத்துவமனைகளில் ஐந்து பேருக்கு ஒருவர். விடுப்பு ஈடுகட்ட 30 சதவீதம் கூடுதல் ஆட்கள். இந்த 30 சதவீதம்தான் எல்லாவற்றுக்கும் சாவி. அது இருந்தால் ஒருவர் தேர்வுக்குப் போனால் சார்ட் ஆடாது. அது இல்லாத இடத்தில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தாலே மூன்று பேரின் ஆஃப் போய்விடும். அங்கே படிப்புக்கு இடம் கேட்டால், கூட வேலை பார்ப்பவர்களே எரிச்சலாவார்கள்: "அவங்க படிக்கறதுக்கு நாங்க ஏன் நைட் பாக்கணும்?" நியாயமான கோபம், ஆனால் சேர வேண்டிய விலாசம் வேறு.

"படிச்சு முடிச்சா போயிடுவாங்களே!"

சிறு மருத்துவமனை நடத்தும் டாக்டரின் தரப்பையும் கேட்க வேண்டும். "என்கிட்ட மொத்தமே எட்டு ஸ்டாஃப். ஒருத்தருக்குச் சார்ட்டை வளைச்சா மீதி ஏழு பேருக்கும் வளைக்கணும். நான் இடம் குடுத்துப் படிக்க வெச்சு, டிகிரி கைக்கு வந்த மறுநாள் சென்னைக்கோ வெளிநாட்டுக்கோ போயிடுவாங்க. எனக்கு என்ன லாபம்?"

இதில் உண்மை இருக்கிறது. எட்டு பேர் வைத்திருப்பவரால் பெரிய மருத்துவமனை செய்வதை எல்லாம் செய்ய முடியாது. ஆனால் மறுபக்கத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். படிக்க இடம் கொடுக்காத இடத்திலும் நர்ஸ் நிலைப்பதில்லை, ஒரு வருட அனுபவச் சான்றிதழ் கிடைத்ததும் கிளம்பிவிடுகிறார். இடம் கொடுத்தால் படிப்பு முடியும் மூன்று ஆண்டுகளாவது அதே ஆள் இருப்பார். நோயாளியைத் தெரிந்த, டாக்டரின் கையெழுத்தைப் படிக்கத் தெரிந்த ஒரு நர்ஸ் மூன்று வருடம் இருப்பது சிறு மருத்துவமனைக்குச் சின்ன லாபம் இல்லை. அதன் பிறகு ஓராண்டு இருக்க வேண்டும் என்று எழுதிக்கொள்வதிலும் தவறில்லை, பதிலுக்கு மருத்துவமனை கட்டணத்திலோ நேரத்திலோ உண்மையாகவே ஏதாவது கொடுத்திருந்தால். ஒன்றும் கொடுக்காமல் ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்கிப் பீரோவில் பூட்டி வைப்பது ஒப்பந்தம் இல்லை, பிணைக்கைதி வைப்பது.

வேறு இடங்களில் இதை எப்படிச் சமாளித்தார்கள் என்று பார்த்தால் ஒரு பொது அம்சம் தெரியும். இங்கிலாந்தில் 2017 முதல் நர்ஸ் பட்டத்தைத் தொழில்பழகுநர் முறையில் படிக்கலாம்; மருத்துவமனையின் ஊழியராகச் சம்பளம் வாங்கியபடியே பல்கலைக்கழகத்திலும் படிக்கிறார்கள். இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் பணியில் இருக்கும் நர்ஸ்களுக்காகவே 1990-களில் தொலைநிலைப் பட்டப்படிப்பைத் தொடங்கியது. நியூயார்க் மாநிலம் 2017-ல் இயற்றிய சட்டம், புதிதாகப் பதிவு பெறும் நர்ஸ்கள் பத்து ஆண்டுகளுக்குள் பட்டம் பெற வேண்டும் என்கிறது. பத்து ஆண்டு! படிப்பைக் கட்டாயமாக்கிய இடத்தில்கூட அவசரப்படுத்தவில்லை. நம் நாட்டின் நர்ஸ் பிராக்டிஷனர் ரெசிடென்சியும் இதே வகைதான். எல்லா இடத்திலும் வேலையையும் படிப்பையும் முடிச்சுப் போட்டது ஏதோ ஒரு அமைப்பு. தனி ஆளின் தோளில் விட்டுவிடவில்லை.

இந்த மாதிரியைத் தீவிர சிகிச்சைப் பிரிவோடு நிறுத்தாமல், ஜி.என்.எம். நர்ஸின் பட்டப்படிப்புக்கும் கொண்டுவர வேண்டும். அவர் வேலை பார்க்கும் வார்டே, தகுதியான ஆசிரியரின் மேற்பார்வையில், அவருடைய பயிற்சிக் களமாக ஏன் இருக்கக் கூடாது? ஐந்து வருடமாக அறுவை சிகிச்சை வார்டில் நிற்பவரை, அதே வேலையைக் கற்றுக்கொள்ள வேறு மருத்துவமனைக்கு அனுப்புவதில் யாருக்கு என்ன மிச்சம்?

வீட்டிலும் ஒரு சார்ட் வேண்டும்

மருத்துவமனை மட்டும் மாறினால் போதாது. 168 மணி நேரக் கணக்கில் 21 மணி நேரம் வீட்டு வேலைக்குப் போனதை மறந்துவிடக் கூடாது. நைட் முடித்து வருபவர் பகலில் தூங்கினால், "பகல்ல என்னம்மா தூக்கம்?" என்று கேட்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. பகல் தூக்கம் சோம்பேறித்தனம் இல்லை, அது அவருடைய இரவு. அந்த நேரத்தில் மிக்ஸி ஓடாமல் இருப்பதும், குழந்தையைப் பள்ளிக்கு அப்பா கொண்டுபோய் விடுவதும் பெரிய உபகாரம் இல்லை, பங்கு. 21-ல் ஏழு மணி நேரத்தை வீட்டில் மற்றவர்கள் எடுத்துக்கொண்டால், வாரத்துக்கு ஒரு முழு நாள் படிப்பு நேரம் கிடைத்தது போல.

சேரும் முன் கேட்க வேண்டியவை

அமைப்பு மாறும்வரை காத்திருக்க முடியாதவர்களுக்குச் சில நடைமுறை விஷயங்கள்.

கல்லூரிக்கு இந்திய நர்ஸிங் கவுன்சில், மாநில நர்ஸிங் கவுன்சில் அங்கீகாரம் இருக்கிறதா என்பதை அவற்றின் இணையதளத்திலேயே பாருங்கள். ஏஜென்ட் காட்டும் ஜெராக்ஸ் போதாது. "வர வேண்டாம்" என்று சொல்லும் இடத்துக்கு நீங்களும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

பணம் கட்டும் முன் மேலதிகாரியிடம் பேசுங்கள். "படிக்கப் போறேன்" என்று மட்டும் சொல்லாமல், நேரடி வகுப்புத் தேதிகளை எழுதிக் கொண்டுபோய், "இந்த நாளெல்லாம் எனக்கு வேணும், மத்த ஞாயித்துக்கிழமை நான் பார்க்கறேன்" என்று சொல்லுங்கள். ஒப்புக்கொண்டதை எழுத்தில் வாங்குங்கள்.

ஊரின் காலண்டரையும் பாருங்கள். வைகாசியில் வரதராஜப் பெருமாள் கோயில் கருட சேவை என்றால் சின்ன காஞ்சிபுரத்தில் வண்டி நகராது. அன்று காலை நைட் முடித்து நேராகத் தேர்வு எழுதப் போகும் திட்டம் வேண்டாம்.

ஒரே நேரத்தில் இரண்டு பேர் படித்தால் இன்னும் நல்லது. ஒருவர் வகுப்புக்குப் போகும்போது மற்றவர் டூட்டியை மாற்றிக்கொள்ளலாம், நோட்ஸைப் பகிர்ந்துகொள்ளலாம். தூக்கம் ஆறு மணி நேரத்துக்குக் கீழே போகத் தொடங்கினால், அந்த ஆண்டு ஒரு பாடத்தைத் தள்ளி வைப்பது தோல்வி இல்லை.

2019-ல் அத்தி வரதர் 48 நாட்கள் காட்சி தந்தபோது இந்தச் சின்ன ஊர் லட்சக்கணக்கான மக்களைச் சமாளித்தது. மருத்துவ முகாம்கள் போட்டார்கள், ஆட்களை முறை வைத்து மாற்றினார்கள், முன்கூட்டியே சார்ட் எழுதினார்கள். 40 ஆண்டுக்கு ஒரு முறை வரும் விழாவுக்கு அப்படித் திட்டமிட முடிந்த ஊரால், மூன்று ஆண்டு படிக்கும் ஒரு நர்ஸுக்காக மாதத்தில் சில நாட்களை ஒதுக்கி வைக்க முடியாதா?

அப்படி ஒதுக்கினால், காலை எட்டு மணி ஷேர் ஆட்டோவில் அந்தப் பெண் அப்போதும் தூங்கத்தான் செய்வார். ஆனால் வீட்டுக்குப் போய்த் தூங்குவார். வகுப்பு நாளைக்குத்தான்.